பெரிய வட்டம் நல்ல மருந்து அல்ல

கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்து ஆன்டிபயாடிக் எழுதும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று சோதிக்கும் சென்சிடிவிட்டி பிளேட்டோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆய்வகப் பணியாளர்களில் ஒருவராக இதை எழுதுகிறேன்.

"எந்த மருந்துக்கு ஜோன் பெரிசா வந்திருக்கு?" என்று போனில் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். ஜோன் என்பது, மருந்து ஏற்றிய சிறு வில்லையான டிஸ்கைச் சுற்றிக் கிருமி வளராமல் நிற்கும் வட்டம். அது மருந்தின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. டிஸ்கில் எவ்வளவு மருந்து ஏற்றப்பட்டிருக்கிறது, அந்த மருந்து கிருமி வளரும் ஜெல்லியான அகாரில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. மூலக்கூறு பெரிதென்றால் நகர்வதும் மெதுவாகத்தான். ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சி.எல்.எஸ்.ஐ. என்ற ஆய்வகத் தர அமைப்பின் அட்டவணைப்படி ஆம்பிசிலினுக்கு 17 மி.மீ. வந்தாலே கிருமி கட்டுப்படும் என்று எழுதலாம். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 26 வேண்டும். 21 வந்தாலும் அது ரெசிஸ்டன்ட்தான் (மருந்துக்குக் கட்டுப்படாதது). அதாவது, ஒரே பிளேட்டில் 18 மி.மீ. வட்டம் உள்ளது வேலை செய்யும், 21 உள்ளது செய்யாது. மில்லிமீட்டரை அட்டவணையோடு ஒப்பிட்டு நாங்கள் போடும் எஸ் (கட்டுப்படும்), ஐ (இடைநிலை), ஆர் (கட்டுப்படாது) எழுத்துகளைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

அந்த மில்லிமீட்டரும் சும்மா வருவதில்லை. முல்லர்-ஹிண்டன் அகார் 4 மி.மீ. கனத்துக்கு இருக்க வேண்டும். மெலிந்தால் வட்டம் பொய்யாக விரியும். கிருமிக் கரைசலின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுக்குச் சரியாக நிற்க வேண்டும். அடர்ந்துவிட்டால் வட்டம் சுருங்கும். பிறகு 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். நீங்கள் எத்தனை தடவை போன் போட்டாலும் கிருமி அதன் வேகத்தில்தான் வளரும்!

கொலிஸ்டினுக்கு டிஸ்க் வைத்துச் சொல்லச் சொல்லாதீர்கள். அந்த மருந்து அகாரில் சரியாகப் பரவாது. மருந்தைத் திரவத்தில் நீர்த்து, கிருமி வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவான எம்.ஐ.சி. பார்ப்பதே முறை. அதற்கு ஆகும் நேரத்தைக் கொடுங்கள்.

இன்னொன்று, படிவம். பாதிப் படிவங்களில் "சாம்பிள் எங்கிருந்து" என்ற கட்டம் காலியாக வருகிறது. நைட்ரோஃபுரான்டோயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மட்டுமே உதவும். இரத்தத்தில் தேவையான அளவுக்கு ஏறாது. டாப்டோமைசினை நுரையீரலின் உள்ளே பூச்சாக இருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் செயலிழக்க வைத்துவிடும், ஆகவே நிமோனியாவுக்கு ஆகாது. சாம்பிள் சளியா சிறுநீரா என்று தெரியாமல் எதை ரிப்போர்ட்டில் காட்டுவது, எதை மறைப்பது? ஆன்டிபயாடிக் ஏற்கெனவே தொடங்கியாகிவிட்டதா என்றும் எழுதுங்கள். மருந்து போட்ட பிறகு எடுத்த சாம்பிளில் கிருமி வளரவில்லை என்றால், அதைத் தொற்று இல்லை என்று படிக்க முடியாது.

ரிப்போர்ட்டில் ஒரு மருந்தின் பெயர் விடுபட்டிருந்தால் மறந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். வேண்டுமென்றே விட்டிருக்கலாம். காரணம் தெரிய வேண்டுமென்றால் அப்போது போன் போடுங்கள். அந்த அழைப்பை எடுக்க எங்களுக்குச் சலிப்பே இல்லை.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர் ஒருவர்