செல்விக்கு: சிவப்பணு எவ்வளவு வளையும்?

அன்புள்ள செல்வி,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. நான் பெங்களூரில் அதே மல்லேஸ்வரம் வீடு, அதே லேப்.

நீ கேட்டது நாலு நாளாக மனசிலேயே ஓடுகிறது. கூடலூரில் உன்னிடம் வருகிற அரிவாள் செல் நோய் (சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துப்போகிற பரம்பரை நோய்) உள்ள பிள்ளைகளில் ஹீமோகுளோபின் ஒரே அளவாக இருந்தும் ஒருத்தி வலியில் துடிக்கிறாள், இன்னொருத்தி ஓடி விளையாடுகிறாள், ஏன்? காரணம் பல இருக்கும். ஆனால் செல் எவ்வளவு வளைகிறது என்பதை உங்கள் ரிப்போர்ட் எதுவும் சொல்வதில்லையே. சிவப்பணு கிட்டத்தட்ட 8 மைக்ரான் அகலம் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று), தந்துகி என்கிற மிக மெல்லிய ரத்தக் குழாயோ சில இடத்தில் அதில் பாதிகூட இல்லை, மடங்கித்தான் நுழைய வேண்டும், தன் 120 நாள் ஆயுளும் இப்படித்தான்.

எங்களிடம் இருப்பது எக்டாசைட்டோமீட்டர், செல் எவ்வளவு நீள்கிறது என்று லேசரால் அளக்கிற கருவி. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளை, நடுவில் மயிரிழை இடைவெளி, அதில் கொழகொழப்பான திரவத்தில் கலந்த துளி ரத்தம். ஒரு உருளையைச் சுழற்றினால் திரவம் செல்களை இழுத்து நீட்டும், அப்போது குறுக்கே லேசர் அடித்தால் திரையில் வட்டமாக இருந்த ஒளி முட்டை வடிவமாக நீளும். நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீட்சிக் குறியீடு. அரிவாள் செல் ரத்தத்தை முதன்முதலில் வைத்தபோது முட்டைக்குப் பதில் சாய்சதுரம் வந்தது! லேசர்தான் நகர்ந்துவிட்டதென்று அரை நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, வளைகிற செல்லும், ஆக்சிஜன் கிடைத்தாலும் பழைய உருவத்துக்குத் திரும்பாத விறைத்த செல்லும் கலந்திருப்பதால் வருகிற வடிவம் அது. குறியீடோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சராசரியாகக் கொடுத்துவிடுகிறது. அடைப்பது அந்த விறைத்த சில செல்கள்தானே?

அதனால்தான் ஒவ்வொரு செல்லாக அளக்கிற மைக்ரோபிப்பெட் எனக்குப் பிடிக்கும். 1964-லேயே ராண்ட், பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்து காட்டியது. ஒரு மைக்ரான் சொச்சம் வாயுள்ள கண்ணாடிக் குழாயை செல்லின் ஓரத்தில் வைத்து மெதுவாக உறிஞ்ச, சவ்வு நாக்கு மாதிரி உள்ளே நீளும், எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு நாக்கு என்று அளக்கலாம். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சில பத்து செல்தான் முடியும், உன் பிள்ளைகளுக்கு அது கட்டாது.

உனக்குச் சரிப்படுவது பழைய ஃபில்டர் முறை என்று நினைக்கிறேன். 5 மைக்ரான் துளையுள்ள தாள், அதன் வழியே செல் இறங்க எடுக்கும் நேரம், அவ்வளவுதான். விறைத்த செல் கொஞ்சம் இருந்தாலே துளை அடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும், வெள்ளணுக்களை மட்டும் முன்னாடியே நீக்கிவிட வேண்டும், அதுவும் அடைக்கும்.

ரத்தம் புதிதாக இருக்கணும், இங்கே அனுப்ப வேண்டாம். பந்திப்பூர் ரோட்டை ராத்திரி ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள், அதற்குமேல் மைசூர் தாண்டி வந்துசேர்வதற்குள் செல்லே மாறிப்போயிருக்கும். டிசம்பரில் ஃபில்டரோடு நானே வருகிறேன். நீ பெற்றோரின் சம்மதத்தையும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியையும் வாங்கி வை, உங்கள் வாட்டர் பாத் (ரத்தத்தை உடல் சூட்டில் வைக்கிற வெந்நீர்த் தொட்டி) 37 டிகிரியில் நிலையாக நிற்கிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
மாலா