மேகாங் படகில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்

இந்த மடல், ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங் வரை மேகாங் ஆற்றில் எங்களோடு ஒரே படகில் வந்தவர்களுக்கு. உங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. முகவரி கொடுத்தவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிவிட்டேன், ஆனாலும் என் மொழியில் ஊரறியச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

அந்த வழி தெரியாதவர்களுக்காக: ஹுவாய் சாய் லாவோஸின் வடமேற்கில், தாய்லாந்து எல்லையில் இருக்கிறது. அங்கே காலையில் படகேறினால் லுவாங் பிரபாங் போய்ச் சேர இரண்டு நாள், ஏறக்குறைய 300 கிலோமீட்டர், இரவு நடுவழியில் பாக் பெங் என்ற சிற்றூரில் தங்கல். நீளமான மரப்படகு, பழைய வேன்களிலிருந்து கழற்றிப் போட்ட இருக்கைகள், பின்னால் இன்ஜின், இரண்டு பக்கமும் மலையும் காடும். வெளிநாட்டுக்காரர்கள் மட்டுமல்ல, கரையோரக் கிராமத்து மக்களும் மூட்டையோடு ஏறி இறங்குவார்கள்.

முதல் நாள் மதியம் அப்பாவுக்கு வாந்தி ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. எங்களுக்குக் கிடைத்த இடம் இன்ஜின் பக்கம், புகையும் சத்தமும் அவரை இன்னும் வாட்டின. முன்வரிசையில் இருந்த பிரான்ஸ் நாட்டுத் தம்பதி, அவர்களும் அப்பா வயசுக்காரர்கள்தான், நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே எழுந்து தங்கள் இருக்கைகளைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் அந்தப் புகையில் உட்கார்ந்தார்கள், சாயங்காலம் வரைக்கும். ஐயா, அம்மா, காற்று வரும் அந்த இடம்தான் அப்பாவை முதலில் நிமிர வைத்தது.

அப்புறம் நெதர்லாந்து செவிலியர் தங்கை. நாடி பார்த்தார், சர்க்கரை நோய் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டார். படகில் தின்பண்டம் விற்கும் அக்காவிடம் சர்க்கரையும் உப்பும் வாங்கி, ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்தார். ஒரேயடியாகக் குடித்தால் திரும்ப வாந்திதான் வரும் என்று சொல்லி, சில நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு வாய் என்று தானே பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தார். விடுமுறைக்கு வந்த பெண், மதியம் முழுக்க ஆற்றைப் பார்க்காமல் என் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையே, உனக்கு எப்படி நன்றி சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

படகோட்டி அண்ணனுக்கும் நேரம் இல்லை. பாறைகள் நிறைந்த ஆறு அது, இருட்டுவதற்குள் பாக் பெங் சேர்ந்தாக வேண்டும். இருந்தும் ஒரு மணல்திட்டில் படகை நிறுத்தி, அப்பா ஆடாத தரையில் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ள விட்டார். உள்ளூர்ப் பயணிகள் உட்பட யாரும் முகம் சுளிக்கவில்லை.

பாக் பெங் துறையில் கரை செங்குத்து. கொரிய மாணவர் ஒருவர் தன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். தம்பி, அப்பா இன்னும் உன்னைத்தான் தினமும் கேட்கிறார்.

மறுநாள் அப்பா தெளிந்துவிட்டார், படகே எங்களுக்குச் சொந்தக்கார வீடு போல ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்து சீட்டாட்டம். கொரியத் தம்பியும் அப்பாவும் சைகையிலேயே சண்டை போட்டார்கள், பிரான்ஸ் அம்மா தீர்ப்புச் சொன்னார். இது படகில்தான் முடியும் என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு மணிநேரம் இறங்கிப் போக வழியில்லை, பாதி நேரம் செல்போனில் சிக்னலும் கிடையாது, பக்கத்தில் இருப்பவரோடு பழகாமல் என்ன செய்வது?

அன்றைக்குக் காலை நடுவில் ஏறிய லாவோ பாட்டி, மூங்கில் கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோறு எடுத்து உருட்டி அப்பா கையில் வைத்தார். செவிலியர் தங்கை சரி என்று தலையாட்டியதும் அப்பா சாப்பிட்டார். பிறகு பாட்டி வெள்ளை நூல் ஒன்றை அப்பாவின் மணிக்கட்டில் கட்டி ஏதோ முணுமுணுத்தார். உடம்பில் 32 உயிர்க்காவல்கள் உண்டு, நோய் வந்தால் அவை அலைந்து போய்விடும், நூல் கட்டித்தான் திரும்ப நிறுத்த வேண்டும் என்பது அங்குள்ள நம்பிக்கை. மூன்று நாளாவது அவிழ்க்கக் கூடாதாம். அப்பா அதைத் தானாக இற்று விழும் வரை அவிழ்க்கவில்லை. 'நாம் ஊ' என்ற ஆறு வந்து மேகாங்கில் சேரும் இடத்தில், பாக் ஊ குகைகளைத் தாண்டும்போது, உள்ளே புத்தர் சிலைகள் இருக்கும் திசையைப் பார்த்துப் பாட்டி கும்பிட்டார், அப்பாவும் கும்பிட்டார்.

பாட்டிக்கு மின்னஞ்சல் கிடையாது. அவரும் அப்பாவும் சேர்ந்திருக்கும் படங்களை அச்சுப் போட்டு, அந்தப் பக்கம் போகும் நண்பரிடம் கொடுத்திருக்கிறேன். படகோட்டி அண்ணனுக்குப் பாட்டியின் கிராமம் தெரியும், ஹுவாய் சாய் துறையில் அவர் கையில் சேர்த்தால் போதும். மற்றவர்களுக்கு அடுத்த வாரம் தபாலில் வரும். நன்றி, எல்லோருக்கும்.