நான்கு ரூபாய்ப் பங்கு மலிவு என்று யார் சொன்னது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ‘பத்து ரூபாய்க்குள் கிடைக்கும் பங்குகள்’ என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். பார்த்ததும் மனது பதறிவிட்டது. போன வருஷம் என் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் வந்த இதே மாதிரிப் பட்டியலை நம்பி, பங்கு 4 ரூபாய் என்று ஒரு கம்பெனியில் 25,000 பங்குகள் வாங்கினான். “மாமா, ஒரே ஒரு எம்ஆர்எஃப் பங்கு வாங்குற காசுக்கு இது இருபத்தஞ்சாயிரம் கிடைக்குது” என்றான். அப்புறம் தினமும் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த கடைசி வரம்பு வரை இறங்கியது. விற்கப் போட்டால் வாங்க ஆளே இல்லை, கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் அது.

எம்ஆர்எஃப் பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது உண்மைதான். ஆனால் அந்தக் கம்பெனிக்கு இருப்பதே ஏறக்குறைய 42 லட்சம் பங்குகள். நாளைக்கே ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்தால் விலையும் பத்தில் ஒன்றாகிவிடும், அதனால் தொழிற்சாலையில் ஒரு டயர்கூடக் கூடுதலாக வரப்போவதில்லை. அதேபோல 4 ரூபாய்ப் பங்கு பல நூறு கோடி எண்ணிக்கையில் இருந்தால், கம்பெனி மொத்தத்துக்கும் நாம் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பங்கின் விலையை மட்டும் பார்த்து மலிவு, அதிகம் என்று சொல்லவே முடியாது.

இதைச் சொன்னால் எல்லோரும் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கதையை எடுத்துவிடுகிறார்கள். 2024 அக்டோபர் 29 அன்று மும்பை பங்குச் சந்தையில் 3 ரூபாய் 53 காசிலிருந்து ஒரே நாளில் 2,36,250 ரூபாய்க்குப் போனதே, அந்தப் பங்குதான். அங்கே நடந்தது என்ன என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்தக் கம்பெனியிடம் ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகள் ஏராளமாக இருக்கின்றன, அதனால் ஒரு பங்கின் புத்தக மதிப்பே (கடனைக் கழித்து, கணக்குப்படி ஒரு பங்குக்கு வரும் சொத்து) அப்போது ஐந்து லட்சத்துக்கு மேல். கையில் வைத்திருந்தவர் எவராவது அதை 3 ரூபாய்க்குக் கொடுப்பாரா? வியாபாரமே நடக்காததால், என்றோ கடைசியாகக் கைமாறிய விலை திரையில் அப்படியே கிடந்தது. இப்படிப்பட்ட முதலீட்டுக் கம்பெனிகளின் சரியான விலையைக் கண்டுபிடிக்க, தினசரி ஏற்ற இறக்க வரம்பு இல்லாத சிறப்பு ஏலத்துக்கு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வழிசெய்தது. அதில் சில நூறு பங்குகள் கைமாறின, அவ்வளவுதான். அதற்கு முந்தின நாள் 3 ரூபாய்க்கு வாங்கி லட்சாதிபதி ஆனவர் ஒருவரும் இல்லை, ஏனென்றால் அந்த விலைக்கு விற்றவரே இல்லை!

அந்த ஏலத்திலும் விலை புத்தக மதிப்பில் பாதியைக்கூடத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகள் கம்பெனியின் பெயரில்தான் இருக்கின்றன, எல்சிட்டின் முக்கால்வாசிப் பங்குகளோ நிறுவனர் தரப்பிடம். சிறு முதலீட்டாளர் அதை விற்றுக் கொடு என்று கேட்க முடியாது. சொத்து இருந்தால் போதாது, அதிலிருந்து நம் கைக்கு எவ்வளவு, எப்போது வரும் என்பதற்குத்தான் சந்தை விலை கொடுக்கிறது.

வட்டி விகிதமும் அந்த விலையைப் பெரிதும் மாற்றும். வருஷம் 6 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய் அரசுக் கடன் பத்திரம் ஒன்று, முதிர இன்னும் பத்து வருஷம் இருக்கிறது என்று வையுங்கள். புதிய பத்திரங்கள் ஏழரை ரூபாய் தர ஆரம்பித்தால் பழையதை யாரும் 100 கொடுத்து வாங்க மாட்டார்கள், சுமார் 90 ரூபாய்க்குத்தான் போகும். அரசாங்கம் சொன்னபடி வட்டி கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், ஆனாலும் விலை இறங்கும். 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து திடீரென்று உயர்த்த ஆரம்பித்து, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனதே, அப்போது இப்படிப்பட்ட பத்திரங்களை வாங்கும் கடன் ஃபண்டுகளில் போட்டிருந்த பலர் “பாதுகாப்பான முதலீடுன்னுதானே சொன்னாங்க, ஏன் குறையுது?” என்று குழம்பியது இதனால்தான்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப் பட்டியல் போட்டால் விலைக்குப் பக்கத்தில் மொத்தம் எத்தனை பங்குகள், கம்பெனிக்குக் கடன் எவ்வளவு, கடந்த ஒரு மாதத்தில் தினமும் சராசரியாக எத்தனை பங்குகள் கைமாறின என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாது என்றால் கம்பெனிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்