எஞ்சினை இறக்குமுன்

பீளமேடு, கோவை

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. உன் காரின் எஞ்சினைக் கழற்றி இறக்கும் வேலையை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டிருந்தாய். பொள்ளாச்சியில் நல்ல மழை என்று இங்கேயும் பேசிக்கொண்டார்கள். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம்.

சான் ஸ்டார்ம் கார் எஞ்சினைத் தோட்டத்துச் சாளையிலேயே தாராளமாக இறக்கலாம். ஆனால் பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியை, அதுதான் செயின் பிளாக்கை, பனை விட்டத்தில் மாட்ட வேண்டாம். 1149 சிசி ரெனோ எஞ்சின் சின்னதுதான், இருந்தாலும் எஞ்சின் உடம்பு வார்ப்பிரும்பு. கியர்பாக்ஸோடு சேர்த்தால் நூறு கிலோ தாண்டும். அந்த விட்டம் ஓடு தாங்கப் போட்டது. போர் மோட்டார் தூக்குகிறவர்களிடம் முக்காலி ஸ்டாண்டு வாடகைக்குக் கேள், பத்தடி உயரமாவது இருக்கட்டும். ஒரு டன் செயின் பிளாக் போதும். மண்தரை என்பதால் மூன்று காலுக்கும் அடியில் பலகை வை. கால் விரியாதபடி சுற்றிலும் சங்கிலி போடு.

முக்காலி நகராது. எஞ்சினைத் தொங்கவிட்டு வண்டியைத்தான் பின்னுக்குத் தள்ளவேண்டும். அதனால் முக்காலியின் ஒற்றைக் கால் வண்டி மூக்குக்கு முன்னால், மற்ற இரண்டும் பக்கத்துக்கு ஒன்று. வண்டி உருளவேண்டும் என்பதால் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் நட்டைத் தொடாதே. ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பதே ஆக்சிலும் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற தண்டு) அந்த நட்டும்தான். ஆக்சிலை உருவிவிட்டு உருட்டினால் பேரிங் கெட்டுவிடும். ஆக்சிலின் கியர்பாக்ஸ் பக்கத்து முனையை மட்டும் கழற்று. பல ரெனோ கியர்பாக்ஸ்களில் வலது ஆக்சில் ரோல் பின் என்கிற சுருள் ஆணியில் பூட்டியிருக்கும், பஞ்ச் வைத்துத் தட்டினால் வரும். இடது பக்கம் ரப்பர் பூட் மூன்று போல்ட்டில் நேராகக் கியர்பாக்ஸிலேயே உட்கார்ந்திருக்கும்; ஆயிலை முதலிலேயே வடிக்காவிட்டால் எல்லாம் உன் மடியில்தான். அந்த இடது ஆக்சில் முனையில் இருக்கும் மூன்று ரோலர்களும் கழன்று விழாதபடி பாலிதீன் சுற்றி டேப் ஒட்டு. ஆக்சிலை இறுக்கிக் கட்டாமல் தளர்வான கயிற்றில் ஊஞ்சல் மாதிரி தாங்கவிடு. சக்கரம் உருளும்போது அதுவும் சுற்றும்.

கியர்பாக்ஸ் ஆயில் வடிகால் பிளக்குக்கு 8 மி.மீ. சதுரச் சாவி வேண்டும். ஸ்பேனரை வைத்து மல்லுக்கட்டினால் முனை மழுங்கிவிடும். லேத்துப் பட்டறையில் சதுரக் கம்பி வாங்கி வளைத்துக்கொண்டாலே போதும். கியர்பாக்ஸில் ஆயில் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கிற பிளக்கைத் தொடு. ரேடியேட்டரில் இருக்கும் கூலண்ட்டை எஞ்சின் ஆறின பிறகு கேனில் பிடி. அது இனிக்கும், ஆனால் விஷம். தொட்டியோரம் கொட்டினால் நாயோ கன்றுக்குட்டியோ குடித்துவிடும்.

பெட்ரோலுக்கு பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடு. குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகடிவ் வயரைக் கழற்று. ஏசி இருந்தால் குழாயைக் கழற்றாதே, கம்ப்ரசரை மட்டும் அவிழ்த்து ஓரமாகக் கட்டு. ஹீட்டர் ஹோஸ் ஒட்டியிருந்தால் முறுக்காதே, உள்ளேயிருக்கும் குழாய் உடையும். பிளேடால் நீளவாக்கில் கீறிப் புது ஹோஸ் போட்டுக்கொள். வயர்களை இணைக்கும் கப்ளர் ஒவ்வொன்றிலும் இரண்டு முனைக்கும் ஒரே எண் எழுதி ஒட்டு. போல்ட்டைக் கழற்றியதும் அதே துளையில் கையால் திருகிவை. பாடி ஃபைபர் என்பதால் ஜாக்கி சேஸிஸ் குழாயில் மட்டும்தான். ஃபெண்டர் மேல் திருப்பூர் பனியன் வேஸ்டைத் தடியாகப் போடு. செயின் ஒரு தடவை உரசினாலும் சிலந்திவலை மாதிரி விரிசல் விடும்.

கீழ்வேலை முடிந்ததும் வண்டியைச் சக்கரத்தில் இறக்கிவிட்டு, செயினை இறுக்கு. எஞ்சினை சேஸிஸில் தாங்கும் மவுண்டிங்கின் போல்ட் விரலால் சுற்றினாலே வரவேண்டும். சுத்தியல் கேட்டால் பாரம் இன்னும் மவுண்டிங்கில்தான் இருக்கிறது.

லேசான வண்டி இங்கேதான் ஏமாற்றும். கனமான வண்டியில் ஏதாவது மாட்டிக்கொண்டிருந்தால் செயின் இறுகுவது கைக்கே தெரியும். இதில் வண்டியின் மூக்கும் சத்தமில்லாமல் கூடவே எழும்பும். தூக்குமுன் சக்கரத்துக்கு மேலே பாடி வளையும் வீல் ஆர்ச்சிலிருந்து தரைவரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள். எஞ்சின் பாரம் போனால் ஸ்பிரிங் விரிந்து கொஞ்சம் உயரும், அது சரி. அதற்கப்புறமும் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்து. கழற்ற மறந்து மாட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் கியர்பாக்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகிற எர்த் பட்டையாக இருக்கும். இல்லையென்றால் ரிவர்ஸ் ஸ்விட்ச் வயர், கிளட்ச் கேபிள், சைலன்சர் குழாய்.

கியர்பாக்ஸ் பக்கம் தாழ்ந்திருந்தால் சுலபமாக வரும். கீழே இறக்கும்போது பழைய டயர் மேல் வை. பாரம் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் இறங்கி அது நசுங்கினால் ஆயில் உறிஞ்சும் குழாய் அடைபட்டு, பிறகு பேரிங்கையே காவு வாங்கும். நீ கிளட்சுக்காகத்தான் இறக்குகிறாய், தெரியும். ஆனாலும் கிராங்க் பின்பக்க ஆயில் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் மூன்றையும் இப்போதே மாற்றிவிடு.

ஞாயிறு காலை வருகிறேன். வடிப்பது, கப்ளர், ஹோஸ் எல்லாம் அதற்குள் முடித்துவை. மவுண்டிங்கை மட்டும் நான் வந்த பிறகு தொடலாம்.

உன் மச்சான்