பிழை உன் பெறாமகனுடையது அல்ல

யாழ்ப்பாணம்,
செவ்வாய் இரவு.

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லோரும் நலம். அக்காவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது. நீ அனுப்பிய மருந்துப் பொதியும் வந்து சேர்ந்தது. மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ ஏசியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடனைத் தீர்க்க இன்று எழுதவில்லை. நான் பயிற்றுவிக்கும் நம் ஊர் உதைபந்தாட்ட அணி அரையிறுதியில் தோற்றுப் பதினொரு நாட்களாகின்றன. அந்தப் பதினொரு நாளும் உன் பெறாமகன் பயிற்சிக்கு வரவில்லை. விடியமுன் தகப்பனோடு கடலுக்குப் போகிறான். பின்னேரம் முற்றத்தில் இருந்து கிழிந்த வலை தைக்கிறான். மைதானத்து வேலியோரமாகச் சைக்கிளில் போகும்போது தலையைத் திருப்பிப் பார்ப்பதுமில்லை.

ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீ அனுப்பிய குரற்பதிவை அவன் கேட்டுவிட்டான் மச்சான். "கடைசி ஆள் நித்திரை கொண்டால் அணி தோற்கத்தான் செய்யும்" என்று நீ சொன்னதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவன் பொருட்படுத்தியிருக்க மாட்டான். பெரியப்பா சொன்னது என்பதுதான் அவனுக்குத் தைத்தது. இதைத் தொலைபேசியில் பேசத் தொடங்கினால் இரண்டாவது நிமிடத்திலேயே நாம் இருவரும் சத்தம் போடுவோம் என்பது உனக்கும் தெரியும். அதனால் நீ இடையில் வெட்டிப் பேச முடியாதபடி எழுதுகிறேன்.

வாசிகசாலை மேல்மாடியிலிருந்து நெட்டையனின் மகன் எடுத்த ஒளிப்பதிவை நான் இதுவரை ஏழு தடவை முழுமையாகப் பார்த்துவிட்டேன். பக்கக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பூவரசுகளை அளவாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை பந்து எதிரணியின் பின்வரிசைக்குப் போகும்போதும், நம்முடைய முன்னணி வீரனுக்கும் நம்முடைய கடைசிப் பின்வரிசை வீரனுக்கும் இடையில் எத்தனை மரம் இருந்தது என்று கொப்பியில் குறித்தேன். முதற்பாதியில் பெரும்பாலும் மூன்று மரம். அதாவது ஏறத்தாழ 30 மீற்றர். இரண்டாம் பாதியில் ஐந்து மரத்துக்கு மேல். இந்த இரண்டு எண்களுக்குள்தான் முழுப் போட்டியும் இருக்கிறது.

முதற்பாதியை நீ பார்த்திருந்தால் உன் கண் நிறைந்திருக்கும். அவர்களுடைய கோல் காப்பாளன் பந்தை இடது மத்திய பின்வரிசை வீரனுக்குக் கொடுத்தவுடன், நம்முடைய சின்னவன் நேராக ஓடாமல் அரிவாள்போல வளைந்து ஓடினான். பந்து வைத்திருப்பவனை நெருங்கும்போதே, அவனுக்கும் மற்ற மத்திய பின்வரிசை வீரனுக்கும் இடையிலான பாதையைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு போனான். பந்து போக ஒரே வழிதான் மிஞ்சியது: பக்கக்கோட்டோரம் நின்ற அவர்களின் இடது பின்வரிசை வீரன். அவனிடம் பந்து போகும்போதே நம்முடைய பக்கவீரன் பாய்ந்தான். நடுக்களத்தவன் உட்பக்கத்தை அடைத்தான். வெளியே கோடு. அந்தக் கோட்டைப்போல நல்ல காவற்காரன் உலகத்தில் இல்லை. அது களைப்பதுமில்லை, ஏமாறுவதுமில்லை. 22ஆம் நிமிடத்தில் நாம் போட்ட கோல் அப்படி வந்ததுதான்: அவன் தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கினான், முதல் தொடுகை சற்று நீண்டது, நம் பிள்ளைகள் மூவர் ஒரே கணத்தில் அவனைச் சூழ்ந்தார்கள்.

துரத்துவதற்கான மணி எப்போது அடிக்கிறது என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொடுத்தேன். பின்னோக்கிய பாஸ், கெட்ட முதல் தொடுகை, தன் கோலைப் பார்த்தபடி வாங்குபவன், பக்கக்கோட்டில் அகப்பட்டவன். இந்த நான்கில் ஒன்று தென்பட்டால் பாய வேண்டும், தென்படாவிட்டால் நின்று பாதையை அடைக்க வேண்டும். பிள்ளைகள் இதை நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். மதியச் சூடு இறங்காத மணலில் 35 நிமிடப் பாதி முழுவதும் ஓடிக்கொண்டே இருக்க எவராலும் முடியாது. அதனால் எப்போது ஓடக்கூடாது என்பதைத்தான் அதிகம் பழக்கினேன்.

இப்போது உனக்கு நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். அழுத்தி ஆடுவது முன்வரிசையின் வேலை என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். குரற்பதிவைக் கேட்டால் நீயும் அப்படித்தான் நினைக்கிறாய். அது பின்வரிசையின் வேலை மச்சான். முன்னால் ஆறு பேர் எதிரணியின் கோலுக்கு முன்னுள்ள பெட்டிவரை போய்விட்டு, பின்னால் நால்வர் நம்முடைய பெட்டிக்கு முன்னாலேயே நின்றால், நடுவில் திறப்பது ஒரு வயல். கணக்குப் போட்டுப் பார். சர்வதேச மைதானம் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். நம்முடையது சற்றுச் சிறியது என்றாலும் கணக்கு மாறாது. பத்துப் பேர் 50 மீற்றர் நீளத்தில் பரந்து நின்றால், ஒவ்வொருவனும் 340 சதுர மீற்றரைக் காக்க வேண்டும். அதே பத்துப் பேர் 25 மீற்றருக்குள் ஒடுங்கினால் 170 போதும். ஓட்டம் ஒன்றுதான், பிள்ளைகள் ஒன்றுதான். பரப்பு மட்டும் பாதியாகிறது.

அந்த 25 மீற்றரை நான் கண்டுபிடிக்கவில்லை. மிலான் அணியை அரிகோ சாக்கி பயிற்றுவித்த காலத்தில், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையில் அவர் கேட்ட தூரம் ஏறத்தாழ அதுதான். பந்தே இல்லாமல், பந்து இன்ன இடத்தில் இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, பதினொருவரும் ஒன்றாக நகர்ந்து பழகுவார்கள். 1989 மே 24இல் பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானத்தில் ஐரோப்பியக் கிண்ண இறுதியில் ஸ்டேவுவா புக்கரெஸ்ட் அணியை அவர்கள் 4-0 என்று வென்றார்கள். குல்லிட் இரண்டு, வான் பாஸ்டன் இரண்டு. அந்த ஆண்டு நமக்கு உதைபந்தாட்டம் பார்க்கக்கூடிய ஆண்டாக இருக்கவில்லை என்பதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. முப்பது வருடங்கள் கழித்து மகளின் தொலைபேசியில் அந்தப் போட்டியைப் பார்த்தபோது, கோல் அடித்த இருவரையும்விட பின்னால் நின்ற பாரேசியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு அடி முன்னே வைத்தால் மற்ற மூவரும் ஒரு அடி வைக்கிறார்கள். முன்னால் துரத்துகிறவர்களுக்குத் துணிவு வருவது அந்த ஒரு அடியிலிருந்துதான்.

உன் காலத்து ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கடைசி ஆளாக நீ பின்னால் நின்று துடைத்த பந்துகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அன்று உனக்கு இரண்டு வசதிகள் இருந்தன. நெருக்கடி வந்தால் பந்தைக் காப்பாளனின் கைக்குத் தட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பாய். 1992இல் வந்த விதிக்குப் பிறகு, சக வீரன் காலால் கொடுக்கும் பந்தைக் காப்பாளன் கையால் தொட முடியாது. அதனால்தான் காப்பாளன்வரை துரத்திப் போவதற்கே ஒரு பயன் வந்தது. மற்றது ஓப்சைட், பின்வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்குபவனைத் தடுக்கும் விதி. பின்வரிசை வீரனுக்குச் சமமாக நின்றவனும் அன்று ஓப்சைட். 1990இல் அது மாறிவிட்டது. எனவே இன்று வரிசையாக முன்னேறுபவர்கள் உன்னைவிடக் கூடுதலான ஆபத்தை எடுக்கிறார்கள்.

சரி, இரண்டாம் பாதி. நம் மைதானத்தில் சோளகக் காற்று எப்படி அடிக்கும் என்பது உனக்கு மறந்திருக்காது. முதற்பாதியில் காற்று நம் முதுகில் இருந்தது. அவர்கள் நீட்டி உதைத்த பந்தெல்லாம் காற்றில் தடுமாறி நடுக்கோட்டருகே விழுந்தது. உன் பெறாமகன் ஒவ்வொன்றையும் முன்னால் வந்து தலையால் திருப்பி அனுப்பினான். இடைவேளையில் பக்கம் மாறியது. அதே உதை இப்போது 20 மீற்றர் கூடுதலாகப் பறந்தது. முதல் இரண்டு பந்துகள் தலைக்கு மேலால் போனதும் பின்வரிசை நால்வரும் பயந்து பின்னால் இறங்கினார்கள். முன்வரிசையோ, நான் சொல்லிக்கொடுத்தபடியே இன்னும் அவர்களின் பெட்டிக்குள் துரத்திக்கொண்டிருந்தது. மூன்று மரம் ஐந்து மரமானது அப்போதுதான்.

முதல் கோலை மறுபடி பார். நீட்டி உதைத்த பந்து அந்த வயலுக்குள் விழுந்தது. அவர்களுடைய நடுக்களத்தவன் அதை எடுத்துத் திரும்பியபோது, அவனைச் சுற்றிப் பத்து மீற்றருக்குள் நம்முடையவர் எவரும் இல்லை. உன் பெறாமகன் ஏன் முன்னால் போய் மறிக்கவில்லை என்று நீ கேட்டாய். போயிருந்தால் அவனுக்குப் பின்னால் இருவர் ஓடத் தயாராக நின்றார்கள். போகாததால் அந்த நடுக்களத்தவன் தூரத்திலிருந்து அடித்தான், காற்றும் சேர்ந்தது. ஒரு பிள்ளைக்கு இரண்டு வழிகளும் கெட்ட வழியாக இருந்தால், பிழை அவன் தெரிவில் இல்லை. அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதில் இருக்கிறது.

இரண்டாவது கோலுக்குத்தான் நீ நித்திரை என்று சொன்னாய். அவன் கையைத் தூக்கி ஓப்சைட் கேட்டது எல்லோருக்கும் தெரிகிறது. அவன் முன்னேறியது சரியான நேரத்தில் என்பது ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் தெரிகிறது. ஆனால் இடது பின்வரிசையில் நின்றவன் ஐந்து மீற்றர் பின்னால் நின்றுவிட்டான், அதனால் ஓப்சைட் ஆகவில்லை. பந்தை அனுப்பியவன் முன்னால் ஒருவரும் இல்லாமல், தலையை நிமிர்த்தி, வேண்டிய இடம் பார்த்து அனுப்பினான். பந்து மூடப்பட்டிருந்தால் (அதை வைத்திருப்பவனை நம்மவன் நெருக்கியிருந்தால்) முன்னேறு, திறந்திருந்தால் இறங்கு என்ற விதியை நான் பின்வரிசைக்குச் சொன்னது போட்டிக்கு முந்திய இரண்டு நாட்களில் மட்டும்தான் மச்சான். மூன்று வாரம் முன்வரிசைக்கு, இரண்டு நாள் பின்வரிசைக்கு. அவன் மனத்தில் "முன்னேறு" மட்டும் நின்றது. மற்றப் பாதி நிற்குமளவுக்கு நான் பழக்கவில்லை. மூன்றாவது கோல் மூலை உதையிலிருந்து கடைசி நிமிடத்தில் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

2022இல் கட்டாரில் சவூதி அரேபியா ஆர்ஜென்டினாவை 2-1 என்று வென்றதை நீ அதிகாலையில் எழுந்து பார்த்ததாகச் சொன்னாய். முதற்பாதியில் மெஸ்ஸியின் தண்ட உதைக்குப் பிறகு ஆர்ஜென்டினா வலைக்குள் போட்ட மூன்று பந்துகள் ஓப்சைட் என்று மறுக்கப்பட்டன. சவூதியின் பின்வரிசை நடுக்கோட்டை நோக்கி அவ்வளவு துணிந்து நின்றது. அந்த வரிசையில் ஒருவன் மட்டும் பின்தங்கியிருந்தால் அந்த மூன்றும் கோல்தான், மறுநாள் உலகம் முழுவதும் சவூதியின் பயிற்றுநரைச் சிரித்திருக்கும். நம் பிள்ளை நின்றதும் அதே கயிற்றின் மேல்தான். அவனோடு நடக்க வேண்டிய ஒருவன் நடக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அடுத்த நாள் ஜெர்மனியுடன் ஜப்பான் ஆடியபோது, முதற்பாதியில் பின்தங்கியிருந்த அவர்களின் பயிற்றுநர் மொரியாசு இடைவேளையில் குபோவை எடுத்துவிட்டு தோமியாசுவை இறக்கி, பின்னால் மூவராக மாற்றினார். ஆட்டம் அதன்பிறகு 2-1 என்று புரண்டது. நமக்கும் இடைவேளை இருந்தது. காற்று திரும்பப்போகிறது என்பது பிறந்த நாளிலிருந்து இந்தக் கரையில் வாழும் எனக்குத் தெரியும். முன்வரிசையைப் பத்து மீற்றர் இறக்கி, நடுக்கோட்டில் காத்திருந்து துரத்தச் சொல்லியிருக்கலாம். காப்பாளனைக் கோட்டை விட்டு முன்னால் வந்து நிற்கச் சொல்லியிருக்கலாம். 1-0 என்ற மகிழ்ச்சியில் தோடம்பழம் வெட்டிக் கொடுத்து, "இப்படியே ஆடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு சொற்களை நினைத்துத்தான் இரவுகளில் எழுந்து இருக்கிறேன்.

இதை நேற்றுப் பின்னேரம் அவன் வீட்டு முற்றத்தில் இருந்து அவனிடமே சொன்னேன். கொப்பியையும் காட்டினேன். அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்; ஐந்து மரக் கணக்கு வந்தபோது மட்டும் நிமிர்ந்து, "அவ்வளவா சேர்?" என்றான். பிறகு மறுபடி குனிந்துகொண்டான். நான் சொல்வது அவனுக்குப் போதாது. அவன் நிற்கும் இடத்தில் நின்றவன் நீ.

அவனை நீ தேற்ற வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம், அவனுக்குக் கூச்சமாகிவிடும். இரண்டாவது கோலில் பந்து வரமுன் அவன் என்ன கண்டான், இடது பக்கம் திரும்பிப் பார்த்தானா, குரல் கொடுத்தானா என்று ஒரு பின்வரிசை வீரன் இன்னொரு பின்வரிசை வீரனிடம் கேட்பதுபோலக் கேள். நீ அந்த நாட்களில் நம் எல்லோரையும் எப்படிச் சத்தம் போட்டு முன்னால் தள்ளுவாய் என்பதைச் சொல். வரிசையை வழிநடத்தக் காலைவிடக் குரல் வேண்டும்; அவனிடம் கால் இருக்கிறது, குரல் இன்னும் வரவில்லை. அதைப் பழக்க எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் வேறொரு சுற்றுப்போட்டி இருக்கிறது. சோளகம் அதற்குள் ஓய்ந்துவிடாது. இதை மகள் படமெடுத்து இன்றே உனக்கு அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தொழிலுக்குப் போவதில்லை, முதற்பூசை முடிந்து அவன் வீட்டில் இருப்பான். உன்னுடைய சனி இரவு ஒன்பதரைக்கு அழைத்தால் இங்கே காலை ஏழு மணி.

அன்புடன்,
உன் பழைய நடுக்களத்தான்