123 கட்-ஆஃப் எடுத்த பிள்ளைக்கு வழியே இல்லை என்றீர்கள்

அனுப்புநர்:
பிளஸ் டூ முடித்த மாணவனின் தாய்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர்,
கல்லூரிச் சேர்க்கை ஆலோசனை நிறுவனம்,
புதுச்சேரிக் கிளை.

பொருள்: தவறான ஆலோசனை சொல்லி அரசின் பொறியியல் கலந்தாய்வுக்கு (கவுன்சலிங்) விண்ணப்பிக்க விடாமல் செய்தது, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்தது, எங்களிடம் வாங்கிய 43,000 ரூபாயைத் திருப்பித் தராதது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நான் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் இதுவரை கல்லூரிக்குப் போனவர் யாரும் இல்லை. மகன்தான் முதல் ஆள். இந்த வருடம் பிளஸ் டூவில் 600க்கு 371 எடுத்தான். கணக்கு 62, இயற்பியல் 58, வேதியியல் 64. பெரிய மார்க் இல்லைதான். ஆனால் டியூஷன் எதுவும் இல்லாமல், மாலையில் கடையில் எனக்குக் காஜா போட்டுக் கொடுத்துக்கொண்டே படித்து எடுத்த மார்க் அது.

ரிசல்ட் வந்த அன்று மதியத்துக்குள் உங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. பையன் பெயர், படித்த பள்ளி, எடுத்த குரூப் எல்லாம் சரியாகச் சொன்னார்கள். எங்கள் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன். பஸ் நிலையத்துக்கு எதிரே "குறைந்த மதிப்பெண்ணா? கவலை வேண்டாம், 100 சதவீதம் சீட் உறுதி" என்று உங்கள் பேனரும் இருந்தது. சரி, விவரம் தெரிந்தவர்களாக இருக்கும் என்று நம்பி மே மாதம் மூன்றாவது வாரம் நானும் மகனும் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம்.

அன்று நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். உங்கள் ஆலோசகர் மதிப்பெண் பட்டியலின் நகலை வாங்கி மேசையில் விரித்தார். சிவப்புப் பேனாவால் 62ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அப்புறம் 58க்கு ஒரு வட்டம். தாளை என் பக்கம் திருப்பவில்லை, பையன் பக்கம் திருப்பி வைத்தார். "இந்த மார்க்க வச்சுக்கிட்டு கவுன்சலிங் போனா எந்த காலேஜும் உன்னக் கூப்பிடாது தம்பி. வீணா அலையாத" என்றார். என் மகன் பதில் சொல்லவில்லை. நான் தைத்துக் கொடுத்த சட்டையின் கடைசிப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தான். வெளியே வரும்போது அது அறுந்து அவன் கையில் இருந்தது. அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் எல்லாம் தாண்டியும் வாய் திறக்கவில்லை. பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போதுதான், "நான் படிக்க லாயக்கில்லையாம்மா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஆலோசகர் சொன்னது உண்மை என்றே நானும் நம்பியிருந்தேன். அதனால்தான் அவர் காட்டிய கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு, அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகத் தரும் சீட்டுக்கு, ஒத்துக்கொண்டோம்.

அது உண்மையில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்குப் போடுவார்கள். கணக்கு மார்க்கை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிச் சேர்க்க வேண்டும். 62, 29, 32. ஆக, என் மகனுக்கு 123. எங்களைப் போல பி.சி. பிரிவில் இருப்பவர்களுக்கு அந்த மூன்று பாடத்திலும் சேர்த்து 40 சதவீதம் இருந்தாலே விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. இவனுக்கு 61 சதவீதம் இருக்கிறது. கலந்தாய்வு சுற்றுச் சுற்றாக நடக்கிறது. 123க்குக் கடைசிச் சுற்றில்தான் முறை வரும், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட மாட்டார்கள். வருடா வருடம் கலந்தாய்வு முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இவனோடு படித்த பையனுக்குக் கட்-ஆஃப் 119. அவனுக்கு மூன்றாம் சுற்றில் சீட் கிடைத்தது.

எங்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இன்னொன்று. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் அது உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை என்று முதல் நாளே சொன்னேன். ஆலோசகர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சலுகை என்று ஒன்று இருப்பதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நாங்கள் எழுந்து தாலுகா ஆபீசுக்குப் போயிருப்போம், உங்கள் கோட்டா சீட்டு விலை போயிருக்காது.

"ஒரு பாதுகாப்புக்குக் கவுன்சலிங்குக்கும் அப்ளிகேஷன் போட்டு வைக்கட்டுமா?" என்று வீட்டுக்காரர் போனில் இரண்டு முறை கேட்டார். வேண்டாம், இரண்டிலும் பெயர் இருந்தால் குழப்பம் வரும் என்றார்கள். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். அரசு கலைக் கல்லூரிகளுக்கு அதுவும் இல்லை, 50 ரூபாயோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டிலிருந்து தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரிக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். பிளஸ் டூ அறிவியல் படித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேர்ந்து, டிப்ளமோ முடித்து, அப்புறம் பி.இ.யிலும் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். இதில் ஒன்றைக்கூட உங்கள் ஆலோசகர் வாயிலிருந்து நாங்கள் கேட்கவில்லை. ஆலோசனைக் கட்டணம் என்று ரசீது போட்டு 15,000 வாங்கியவர் அவர். சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று எடுத்துச் சொல்வதற்குப் பெயர்தானே ஐயா ஆலோசனை? விண்ணப்பத் தேதி ஜூன் தொடக்கத்தில் முடிந்தது. நாங்கள் விட்டுவிட்டோம்.

சீட் அட்வான்ஸ் 25,000க்கு என் சங்கிலியை அடகு வைத்தோம். வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 80,000 ஆகும் என்று உங்கள் தாளில் எழுதிக் கொடுத்திருந்தீர்கள். ஜூலையில் அந்தக் கல்லூரிக்கு நேரில் போனபோது பஸ், பயிற்சி, இதர கட்டணம் என்று 1,35,000 வந்தது. எங்களால் முடியாது என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டோம். கட்டிய பணத்தைக் கேட்டால் கல்லூரி தராது என்றீர்கள். கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தோம். எங்கள் கணக்கில் அவர்களுக்கு வந்திருப்பது 10,000 மட்டும். அதை ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு, கட்டியவர் பெயருக்கே, அதாவது உங்களுக்கே, திருப்பி அனுப்பிவிட்டதாகக் கடிதம் கொடுத்தார்கள். மீதி 15,000 எங்கே போனது? திரும்பி வந்த 9,000 ஏன் எங்களுக்கு வரவில்லை?

சான்றிதழ் விஷயம் இதைவிட மோசம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என நான்கு அசலையும் "வெரிஃபிகேஷனுக்கு" என்று மே மாதமே வாங்கி வைத்துக்கொண்டீர்கள். மாணவர்களின் அசல் சான்றிதழைக் கல்லூரிகளே பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே சொல்லியிருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை இடையில் இருக்கும் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? வீட்டுக்காரர் இரண்டு நாள் வண்டி ஓட்டாமல் உங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் மாலை ஃபைல் சார்ஜ் 3,000 கட்டச் சொல்லி, அதன் பிறகே உறையைக் கொடுத்தார்கள். அந்த 3,000க்கு ரசீதும் இல்லை. வீட்டுக்காரர் ஜிபேயில் அனுப்பியதால் ஆதாரம் இருக்கிறது.

கடைசியில் எங்களுக்குக் கை கொடுத்தது அரசின் சேர்க்கை உதவி மையம். அங்கே இருந்த அம்மா ஆலோசனைக்கென்று ஒரு ரூபாய் வாங்கவில்லை. துணைக் கலந்தாய்வு என்று ஒன்று இருக்கிறது, பொதுக் கலந்தாய்வைத் தவறவிட்டவர்களும் அதில் வரலாம் என்று சொல்லி, முதல் பட்டதாரிச் சான்றுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பது வரை எழுதிக் கொடுத்தார். எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடுவது என்று பையனையே உட்கார வைத்து யோசிக்கச் சொன்னார். வீட்டிலிருந்து போய்வரும் தூரம், அவன் விரும்பும் பிரிவு, கட்டணம் என்று மூன்றையும் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினான். விழுப்புரம் பக்கத்தில் மெக்கானிக்கல் கிடைத்தது. தினமும் காலை ஆறரைக்குக் கிளம்புகிறான். மார்க் அதே 371தான், ஐயா. ஒரு மார்க்கும் கூடவில்லை.

சீட் கிடைத்துவிட்டதே, பிறகு எதற்குப் புகார் என்று உங்கள் கிளை மேலாளர் போனில் கேட்டார். அது உங்களால் கிடைத்த சீட் இல்லை. பொதுக் கலந்தாய்வில் போயிருந்தால் இன்னும் பக்கத்தில், கடலூர் மாவட்டத்திலேயே கிடைத்திருக்கலாம். மற்றவர்கள் எடுத்துப்போக மிச்சம் இருந்ததில்தான் அவன் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. அடகுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது இவைதான். ஆலோசனைக் கட்டணம் 15,000, அட்வான்ஸ் 25,000, ஃபைல் சார்ஜ் 3,000, மொத்தம் 43,000 ரூபாயையும் இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் போட வேண்டும். கல்லூரி பிடித்த ஆயிரத்தை நான் ஏற்க முடியாது. தவறான கட்டணத்தைச் சொல்லி அங்கே அனுப்பியது நீங்கள். "100 சதவீதம் சீட் உறுதி" என்ற பேனரை எடுக்க வேண்டும். எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் வீட்டுக்கு இப்போதே உங்கள் ஆட்கள் போன் செய்கிறார்கள், அதையும் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. கவுன்சலிங்கில் அவனுக்கு இடம் கிடைக்காது என்று சொன்னது தவறு என என் மகன் பெயருக்கு உங்கள் நிறுவனத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பணத்தைவிட இதைத்தான் நான் முக்கியமாகக் கேட்கிறேன். இப்போதும் கல்லூரியில் பரீட்சை என்றால் முந்தின நாள் இரவு வந்து, "அந்த சார் சொன்ன மாதிரி ஆயிடுமாம்மா?" என்கிறான்.

15 நாளில் பதில் இல்லையென்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். கிளை புதுச்சேரியில் இருந்தாலும் நாங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஏற்கெனவே பேசிவிட்டேன்.

ரசீதுகள் இரண்டு, ஜிபே விவரம், நீங்கள் எழுதிக் கொடுத்த 80,000 கணக்குத் தாள், கல்லூரி கொடுத்த கடிதம் ஆகியவற்றின் நகல்கள் இணைத்திருக்கிறேன். உங்கள் ஆலோசகர் சிவப்பு வட்டம் போட்ட அந்த மதிப்பெண் தாளையே இத்துடன் வைத்து அனுப்பியிருக்கிறேன். அதை எங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
மாணவனின் தாய்,
திருப்பாதிரிப்புலியூர்.