பெயர் போடாத நன்றி மடல்

வணக்கம்.

பாலியல் தொழில் செய்யும் பெண்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்துக்கு இந்த மாசத்தோடு பத்து வயசு முடிகிறது. மேடை போட்டு, சால்வை போர்த்தி நன்றி சொல்லலாம் என்றுதான் முதலில் பேசினோம். யாருக்கெல்லாம் என்று எழுதிப் பார்த்தால், பாதிப் பேர் மேடைக்கு வர மாட்டார்கள். மீதிப் பேரை ஏற்றிவிட்டால் மறுநாள் தெருவில் அவர்களை நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கு உதவியவர் என்று ஊரறியத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது எங்களைவிட யாருக்குத் தெரியும்? அதனால் இந்த மடல். இதில் எங்களுக்கு உதவியவர் பெயரும் இல்லை, எங்கள் ஊர் பெயரும் இல்லை. பைபாஸ் ஓரத்து ஊர், லாரிகள் நிற்கிற ஊர். அது போதும்.

முதல் நன்றி டீக்கடை அக்காவுக்கு.

சங்கம் தொடங்கின புதிதில் கைப்பையில் ஆணுறை வைத்துக்கொள்ளவே எங்கள் பெண்கள் பயப்படுவார்கள். ரோந்து வண்டியின் வெளிச்சம் தெரிந்தால் போதும், இருப்பதையெல்லாம் முள்ளுக்காட்டுக்குள் வீசிவிடுவார்கள். பையில் நாலு நிரோத் கிடைத்தால் அதுவே கேஸுக்குச் சாட்சி. வீசிவிட்டு, அப்புறம் வருகிறவனிடம் எதைக் கொடுப்பது? நான் அப்போதுதான் சக கல்வியாளராக, அதாவது கூட இருக்கிற பெண்களுக்குப் பாதுகாப்பைச் சொல்லிக்கொடுப்பவளாக, சேர்ந்திருந்தேன். மரக்கட்டை மாதிரியை வைத்து எப்படிப் போடுவது என்று டெமோ காட்டுவேன். பாடமெல்லாம் சரி, பொருள் கையில் இருந்தால்தானே?

அக்காவின் கடையில் பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால் ஒரு பழைய முறுக்கு டின் இருக்கும். "வர்க்கி இருக்காக்கா?" என்று கேட்டால், பேப்பரில் மடித்துத் தருவார். அந்தக் கடையில் வர்க்கி விற்றதே கிடையாது. ஒருநாள் ஊட்டியிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் நிஜமாகவே வர்க்கி கேட்டிருக்கிறார். அக்கா கொஞ்சமும் அசராமல், "தீர்ந்து போச்சு கண்ணு" என்றாராம். வருஷக்கணக்கில் அந்த டின் காலியாகாமல் பார்த்துக்கொண்டார். மாசாமாசம் எத்தனை போனது என்று எனக்குக் கணக்கும் சொல்வார், சுவரில் கரிக்கோடு போட்டு.

அடுத்தது ஆட்டோ அண்ணன். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார், கூலி ஒரே கூலிதான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும் போய்விட மாட்டார். கதவு திறந்து, உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கிறவரை ஹெட்லைட்டை அணைக்காமல் நிற்பார். எங்களில் ஒருத்தியை நாலு பேர் சேர்ந்து அடித்துப் போட்டுவிட்டுப் போன ராத்திரி, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவரும் அவர்தான். "நீ யாரு, உனக்கும் இவளுக்கும் என்ன?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "அண்ணன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆட்டோ சீட் ரத்தக்கறையாகி, மறுநாள் சவாரியும் போனது. அந்தக் காசை இன்றுவரை வாங்க மாட்டேன் என்கிறார்.

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்து கவுன்சிலர் மேடத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆறு மாசத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் முன்பு போன ஒரு இடத்தில், "அந்தக் கேஸெல்லாம் தனியா நில்லுங்க" என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார்கள். அதற்குப் பயந்தே பலர் போகாமல் இருந்தார்கள். இந்த மேடம் எல்லோரையும் போல "அடுத்து வாங்கம்மா" என்றுதான் கூப்பிடுவார். எங்களில் ஒருத்திக்கு பாசிட்டிவ் என்று வந்த அன்று, மத்தியானச் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று மணி நேரம் அவளோடு உட்கார்ந்திருந்தார். மாத்திரையை விடாமல் போட்டு, வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவளுக்கு அப்புறம் பிறந்த பையனுக்கு இப்போது ஆறு வயசு. நோய் இல்லை.

அந்த மேடம் சொன்ன இன்னொரு விஷயம் என் மனசைவிட்டுப் போகவே இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரியவந்தது 1986இல், நம் சென்னையில். மருத்துவ மாணவி நிர்மலா, தன் ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன் சொல்லி, அரசு காப்பகத்தில் அடைத்து வைத்திருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் எடுத்து, வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். நோய் நாட்டுக்குள் வந்துவிட்டது என்று அந்த ரத்தம்தான் எச்சரித்தது. நிர்மலாவையும் டாக்டரம்மாவையும் நாடு நினைவு வைத்திருக்கிறது, வைத்திருக்கவும் வேண்டும். கை நீட்டி ரத்தம் கொடுத்த அந்தப் பெண்களுக்கு யாராவது ஒரு வார்த்தை நன்றி சொன்னார்களா? நாங்கள் சொல்கிறோம். நீங்கள் யாரோ, எங்கே இருக்கிறீர்களோ, இருக்கிறீர்களோ இல்லையோ, நன்றி.

சரி, வக்கீல் தம்பிக்கு வருகிறேன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்பதே அவர் வந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை எல்லோர் போனிலும் அவரே பதிந்து கொடுத்தார். 2022 மே 19ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதே, அதைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதி, லேமினேட் செய்து கொடுத்தார். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றமாகவும் பார்க்கக் கூடாது, குற்றத்துக்குச் சாட்சியாகவும் எடுக்கக் கூடாது. போலீஸ் எங்களைத் திட்டவோ அடிக்கவோ கூடாது. எங்களைப் பிடித்ததாகப் போடும் செய்தியில் முகத்தையும் அடையாளத்தையும் போடக் கூடாது. கொல்கத்தாவில் 1999இல் கொலையான ஒரு பாலியல் தொழிலாளியின் வழக்கிலிருந்து கிளம்பி வந்த உத்தரவு இது. உத்தரவு வந்த உடனே எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த அட்டையை நீட்டினால் கை ஓங்கியவர் ஒரு நிமிஷம் நின்று படிக்கிறார். அந்த ஒரு நிமிஷத்தில் வக்கீலுக்கு போன் போட்டுவிடலாம். டீக்கடை முறுக்கு டின்னுக்கும் இப்போது வேலை இல்லை.

கொரோனா சமயத்தில் அரிசி கொடுத்தவர்கள் நிறையப் பேர், ஒவ்வொருவராகச் சொன்னால் மடல் முடியாது. அடையாள அட்டை கேட்காமல் எங்களுக்கு உலர் ரேஷன் கொடுக்கச் சொல்லி 2020 செப்டம்பர் கடைசியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்னாடியே, ஏப்ரல் மாசத்திலேயே, பத்து கிலோ மூட்டைகளை வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, முகம் காட்டாமல் போனவர்களுக்கு ரொம்ப நன்றி. யாரென்று எங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருக்கிறோம்.

இந்தத் தொழிலிலிருந்து எங்களை "மீட்க" வந்தவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு தங்கச்சி சொன்னாள். கூட்டத்தில் சண்டையே வந்துவிட்டது. வந்தவர்கள் ஆளுக்கொரு தையல் மெஷின் கொடுத்தார்கள். மூன்று மெஷின் வந்தது, தைக்கத் தெரிந்தவள் ஒருத்தி. இஷ்டமில்லாமல் கொண்டுவரப்பட்டவளையும், வயசு வராத பிள்ளையையும் மீட்கத்தான் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டு நின்ற ஒரு பிள்ளைக்காக குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போட்டதே நாங்கள்தான். ஆனால் முப்பத்தெட்டு வயசுப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு போய் மாசக்கணக்கில் காப்பகத்தில் வைத்து, அவள் பிள்ளைகளை இங்கே தவிக்க விட்டால் அதற்கு என்ன பெயர்? கடைசியில் தையல் மெஷினுக்கு மட்டும் நன்றி சொல்வது என்று முடிவானது. நன்றி.

வீடு கொடுத்த பாட்டிக்கும் நன்றி. எங்களுக்கு வாடகைக்கு விட்டால் விட்டவர் மேலேயும் கேஸ் வரும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தினார்கள். "தொழில் வெளியில பண்றா, தூக்கம் இங்க தூங்குறா, அதுக்கு என்ன கேஸு?" என்று கேட்டார். வாடகை ஒரு நாள் தள்ளிப்போனால் மட்டும் திட்டுவார்.

இந்த மடலை எழுதி முடித்ததும் டீக்கடைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. முழுசும் கேட்டுவிட்டு, "எம் பேரப் போட்டியா?" என்றார். இல்லைக்கா, பிரச்சினை வரும் என்றேன். "எனக்கென்ன பிரச்சினை?" என்று பாய்லரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வர்க்கிக் கதையையாவது எடுத்துறாத" என்றார்.

எடுக்கவில்லை, அக்கா.